சின்னப் பையன்தானே, ஒத்துக்கொண்டால் என்ன?

கேள்வி: ஏற்காடு மலையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஒரு காபி எஸ்டேட்டில் கூலி. போன மார்கழியில் எஸ்டேட் குடோன் பூட்டை உடைத்து இரண்டு மூட்டை மிளகை எடுத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை அடிவாரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டி வந்த பிக்கப் வண்டியை நிறுத்தி மூட்டையோடு பிடித்தார்கள். அவனுக்கு 23 வயசு. வண்டியில் என் மகனும் இருந்தான். அப்போது பிளஸ் டூ, வயசு 17. "சேலம் லீ பஜாரில் மிளகு போட்டுவிட்டு வரலாம், வா என்று கூப்பிட்டான். அவங்க வீட்டு மிளகு என்றுதான் நினைத்தேன்" என்கிறான். ஸ்டேஷனில் எழுதி வைத்திருந்த பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ராத்திரி இரண்டு பேரைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். பெரியவன் கேஸ் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலும் என் மகன் கேஸ் சேலத்தில் இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடக்கிறது. பெரியவனின் தாய்மாமன் வந்து, "சின்னப் பசங்க கோர்ட்டில் ஆதாரமெல்லாம் பார்க்க மாட்டாங்க. பையன் ஒத்துக்கிட்டா புத்தி சொல்லி விட்டுருவாங்க, எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். ஒத்துக்கொள்ளச் சொல்லலாமா? இப்போது மகனுக்கு 18 முடிந்துவிட்டது, பெரிய கோர்ட்டுக்கு மாற்றிவிடுவார்களா? இதற்கு நடுவில், நீயும் உடந்தை என்று என் வீட்டுக்காரரை எஸ்டேட்டில் சஸ்பெண்ட் செய்து விசாரணை நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் முடியும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாதா?

பதில்: அம்மா, மலையில் நீங்கள் இருக்கும் சிற்றூர், எஸ்டேட், பையனின் பெயர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது உங்கள் மகனின் போட்டோவைப் போட்டிருந்தால், இதைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகன் எடுக்கவில்லை என்றால், எடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். குழுமத்தில் ஆதாரம் பார்க்க மாட்டார்கள் என்பது தவறான பேச்சு. பெரியவனைக் குற்றவாளி என்று சொல்ல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் எவ்வளவு நிரூபணம் வேண்டுமோ, அதே அளவு உங்கள் மகன் விஷயத்தில் குழுமத்திலும் வேண்டும். லீ பஜாரில் விற்க வந்தவன் சின்னப் பையன் என்பதற்காக எடைக்கல்லை மாற்றிப் போட மாட்டார்கள் இல்லையா, அது போலத்தான் இதுவும்.

அந்த யோசனையைச் சொன்னது யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பெரியவன் மேல் இருப்பது இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து திருடியதற்கான பிரிவாக இருக்கும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 331-இல் அதற்கு 14 ஆண்டு வரை போட்டிருக்கிறது. "பூட்டை உடைத்தது சின்னவன், நான் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்" என்று சொல்ல அவனுக்கு ஒரு சின்னவன் தேவைப்படுகிறான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சிறுவன் தலையில் கட்டுவது கோர்ட் வட்டாரத்தில் பழைய கதை. தாய்மாமன் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். நான் அவர் மனசுக்குள் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அந்த 'எல்லாருக்கும் நிம்மதி'யில் உங்கள் மகனின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்படி ஒரு பேச்சு ஊரில் பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. குழுமத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது கோர்ட் மாதிரியே தெரியாது. உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பையனிடம் சாப்பிட்டாயா, என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு, பஞ்சாயத்துப் பேசி அனுப்பிவிடும் இடம் போலத் தோன்றும். அந்தக் கனிவெல்லாம் குழந்தையை எப்படி நடத்துவது, தவறு செய்திருந்தால் எப்படித் திருத்துவது என்பதற்காக. செய்தானா இல்லையா என்று முடிவு செய்வதில் சலுகை, அவசரம் எதற்கும் இடமில்லை. 'நல்லதுக்குத்தானே செய்கிறோம்' என்ற நினைப்பில் நிரூபணத்தைத் தளர்த்திவிட்டால் அந்தக் கனிவே பையனுக்கு எமனாகிவிடும்.

இந்தச் சண்டை அமெரிக்காவில் நடந்து முடிந்த ஒன்று. நியூயார்க்கில் 12 வயதுப் பையன் ஒருவன், ஒரு லாக்கரில் இருந்த பெண்ணின் கைப்பையிலிருந்து 112 டாலர் எடுத்தான் என்று வழக்கு. அந்த மாநிலச் சட்டப்படி சிறுவர் வழக்கில் 'இருக்கலாம் என்ற பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்தால்' போதும். பெரியவர்களுக்கான கடுமையான அளவுகோல் தேவையில்லை. சந்தேகத்துக்கு அப்பால் இது நிரூபணமாகாமல் இருக்கலாம் என்று குடும்ப நீதிமன்ற நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பையனைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். முதலில் ஒன்றரை ஆண்டு; நீட்டிக்கொண்டே போனால் 18 வயது வரை, அதாவது ஆறு ஆண்டு உள்ளே இருக்கலாம். 'இது தண்டனை இல்லை, சீர்திருத்தம்' என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1970 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வின்ஷிப் வழக்கு என்று இன்றைக்கும் சொல்லப்படும் தீர்ப்பில், அதை ஏற்கவில்லை. பெயரை எப்படி வைத்தாலும் பையன் சுதந்திரத்தை இழக்கிறான், திருடன் என்ற முத்திரையும் விழுகிறது. ஆகவே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும் என்றது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுவர் நீதிமன்றம் பெரியவர்களின் கோர்ட்டாக மாறிவிடும் என்று அவர்களில் இருவர் பயந்தார்கள். அந்தப் பயம் வெற்றுப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிரூபணத்தைக் குறைப்பது அதற்கு மருந்தாகாது.

அது வேறு நாட்டுத் தீர்ப்பு, நம் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்துக்கு அது தேவையும் இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் முதலில் வரும் கொள்கையே, 18 வயதுக்குட்பட்டவரைக் கெட்ட எண்ணமோ குற்ற எண்ணமோ இல்லாதவர் என்று கருதித்தான் தொடங்க வேண்டும் என்பது. விசாரித்துப் பார்த்துக் குற்றம் செய்யவில்லை என்று தெரிந்தால் அப்படியே உத்தரவு போட வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. உங்கள் மகன் மேல் உள்ளது போன்ற வழக்கைச் சம்மன்ஸ் வழக்கின் நடைமுறைப்படி சாட்சி விசாரித்து, குறுக்கு விசாரணை செய்துதான் முடிக்க வேண்டும். சாட்சியச் சட்டமும் பெரியவனுக்கு உள்ளதே. சிறுவனுக்கு இதைவிடக் குறைந்த அளவுகோல் போதும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

'நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு' என்ற சொற்கள் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் கிடையாது. விவேகமுள்ள ஒருவர், அந்தச் சூழ்நிலையில், இது நடந்தது என்று நம்பிச் செயல்படும் அளவுக்கு இருந்தால் நிரூபணமானது என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் விஷயத்தில் விவேகமுள்ளவர் எவ்வளவு கறாராக இருப்பார் என்பதை நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகச் சொல்லி நிலைநிறுத்தியிருக்கின்றன. கோர்ட் வாசல் டீக்கடையில் பேசுவது போல, ஏதாவது ஒரு ஓட்டை இருந்தால் விடுதலை என்பதும் இல்லை. 1973-இல் சிவாஜி சாஹேப்ராவ் போப்டே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கற்பனைச் சந்தேகத்துக்கெல்லாம் பலன் கொடுத்துக்கொண்டிருந்தால் சமூகத்துக்குத்தான் கேடு என்று கண்டித்து எழுதியிருக்கிறார். சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும். அது சாட்சியத்திலிருந்தே எழ வேண்டும்.

அப்படி எழக்கூடியது உங்கள் மகன் வழக்கில் என்ன இருக்கிறது? நீங்கள் அனுப்பிய நகல்களை வைத்து மட்டும் சொல்கிறேன்.

கையெழுத்து வாங்கிய வாக்குமூலத்தைப் பற்றித்தான் அதிகம் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டத்தில் முன்பு 25-ஆம் பிரிவாக இருந்தது இப்போது 23 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒப்புதலை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். இங்கே மூட்டை விடியற்காலையிலேயே வண்டியில் பிடிபட்டுவிட்டது. கையெழுத்து அதற்குப் பிறகு வாங்கியது. கையில் இருக்கும் பொருளை மறுபடி ஒருவர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. இதற்கெல்லாம் மேலாக, சிறாரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது, குற்றத்தை ஒத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது என்று சிறார் நீதி விதிகளே சொல்கின்றன. கையெழுத்து வாங்கியதை உங்கள் வக்கீல் குழுமத்தில் முதல் வேலையாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஸ்டேஷனில் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. குழுமத்தின் முன்னால் தன் வாயால் "ஆமா, எடுத்தேன்" என்று சொன்னால் அதற்கு முழு மதிப்பு உண்டு. அதன் பிறகு அரசுத் தரப்பு ஒரு சாட்சியையும் கூப்பிட வேண்டியதில்லை. தாய்மாமன் கேட்பது இதைத்தான்.

"உன் மகனும் சேர்ந்துதான் எடுத்தான்" என்று பெரியவன் போலீஸிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் போலீஸிடம் சொன்னதுதான், செல்லாது. ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கப்படும் இரண்டு எதிரிகளில் ஒருவரின் முறையான ஒப்புதலை மற்றவர் விஷயத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அது இங்கே எட்டாது. சிறாரையும் பெரியவரையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் பிரிவு 23 தடுக்கிறது. அவன் நேரில் சாட்சியாக வந்து சொன்னால் கதை வேறு. அப்போது குறுக்கு விசாரணை இருக்கிறது.

வாட்ச்மேன் சாட்சி கொஞ்சம் கனமானது. ஒரே சாட்சிதானே, இது போதுமா என்று பலர் கேட்பார்கள். போதும். நம் மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கிலேயே 1957-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சாட்சிகளை எண்ணக் கூடாது, எடை போட வேண்டும், முழுக்க நம்பத் தகுந்த ஒருவர் போதும். அதனால் கேள்வி, அவர் அந்த இரவு என்ன பார்த்திருக்க முடியும் என்பதுதான். மார்கழி மாதம், இரவு ஒரு மணி, ஏற்காடு. மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. டார்ச் அடித்தால் வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பி நம் கண்ணைத்தான் கூச வைக்கும். மலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கீழே இருந்து வரும் வக்கீலுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். குடோனிலிருந்து அவர் நின்ற இடம் எத்தனை அடி, நடுவில் காபிச் செடி எவ்வளவு உயரம், எந்த விளக்கு எரிந்தது என்று பகலில் போய்ப் பார்த்து ஒரு தாளில் படம் போட்டு வையுங்கள். எஸ்டேட்டுக்குள் நுழைந்து தகராறு வேண்டாம், ரோட்டிலிருந்து தெரிவது போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று எஃப்.ஐ.ஆர். நகலில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு எஸ்டேட் மேலாளர் கொடுத்த புகாரில், 'இரண்டு அடையாளம் தெரியாத நபர்களை வாட்ச்மேன் பார்த்தார்' என்று எழுதியிருக்கிறது. அந்த வாட்ச்மேன் உங்கள் மகனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், உங்கள் வீட்டில் சாப்பிட்டவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்த பையன் என்றால் ஏழு மணிக்கு ஏன் பெயர் சொல்லவில்லை? வண்டி பிடிபட்ட சேதி மலைக்கு வந்த பிறகு, மதியம் எடுத்த வாக்குமூலத்தில்தான் பெயர் வருகிறது. நான் பார்த்த வரையில் இந்த வழக்குக் கட்டிலேயே பலமான இடம் இதுதான். காரணமுள்ள சந்தேகம் என்று மேலே சொன்னேனே, அதன் உருவம் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது மிளகு. திருட்டு நடந்த கொஞ்ச நேரத்திலேயே திருட்டுப் பொருளோடு ஒருவர் பிடிபட்டு, அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். உங்கள் மகனுக்கு உண்மையான ஆபத்து இந்த ஊகத்தில்தான் இருக்கிறது, வாக்குமூலத்தில் இல்லை. இதற்கு எதிராக இரண்டு விஷயம் உண்டு. வண்டி பெரியவனுடையது, சாவி அவன் கையில், மூட்டை பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் 'வைத்திருந்தான்' என்று சொல்ல அதற்கு மேல் ஏதாவது வேண்டும். இரண்டாவது, அது எஸ்டேட் மிளகுதான் என்பதற்கு என்ன அடையாளம்? மிளகில் பெயர் எழுதியிருக்காது. எஸ்டேட் சாக்கில் சாதாரணமாக மை முத்திரை இருக்கும். பறிமுதல் மகஜரில் 'மிளகு நிரம்பிய சணல் சாக்கு 2' என்று மட்டும் இருக்கிறது. முத்திரை பற்றி ஒரு சொல் இல்லை. மலையில் பாதி வீட்டில் நாலு மரத்திலாவது மிளகுக் கொடி இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் கொடி உண்டு, ஒவ்வொரு வருஷமும் சேலத்தில்தான் விற்பார்கள் என்றால், அவங்க மிளகு என்று நினைத்தேன் என்று பையன் சொல்வது நம்பக்கூடியதாகிறது. கவனியுங்கள், அவன் தன் விளக்கத்தைச் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. இருக்கக்கூடியதுதான் என்று தோன்றினால் போதும். கடைசிவரை நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் மேல்தான். போன வருஷம் பக்கத்து வீட்டார் மிளகு விற்ற கடைச் சீட்டு கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

எஸ்டேட் கேட்டில் சிசிடிவி இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், பதிவில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. அதைப் பார்க்காமல் நான் எந்த உறுதியும் தர மாட்டேன். இரவு ஒரு மணிக்கு உங்கள் மகன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போவது அதில் தெளிவாக இருந்தால், மேலே எழுதியதில் பாதி அடிபட்டுப் போகும். வண்டி மட்டும் போகிறது, உள்ளே யார் என்று தெரியவில்லை என்றால் அது நமக்கே சாட்சி. எப்படி இருந்தாலும், பதிவை நகலெடுத்துக் கொடுப்பவர் சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தர வேண்டும். அது கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் தீர்த்து வைத்தது. புதிய சட்டத்தில் நிபுணரின் கையெழுத்தும் பதிவின் ஹாஷ் மதிப்பும் (பதிவை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் எண்) சேர்ந்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வாட்ச்மேனைப் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சாட்சி பல்டி அடித்தால் கேஸ் முடிந்தது என்பது சினிமா. பிறழ் சாட்சி சொன்னதிலும் நம்பக்கூடிய பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். சாட்சியைக் கலைத்தார்கள் என்ற பெயரும் வந்தால் உங்கள் மகன் பக்கம் உள்ள நல்ல நியாயமும் வீணாகும்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். 'படிப்பில் சுமார், வயதில் மூத்தவர்களுடன் பழக்கம்' என்று அறிக்கையில் இருப்பதைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள். அந்தச் சமூக விசாரணை அறிக்கை பையனின் வீடு, படிப்பு, சூழ்நிலை தெரிவதற்காக. குற்றம் நிரூபணமானால் பிரிவு 18-இன்படி என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவும்: எச்சரித்து அனுப்புவதா, ஆலோசனையா, சமூக சேவையா, நன்னடத்தைக் கண்காணிப்பா, சிறப்பு இல்லமா என்று. குடோன் பூட்டை யார் உடைத்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை. படிப்பில் சுமாராக இருப்பது மிளகு திருடியதற்கு ஆதாரமானால் சேலம் மாவட்டத்தில் மூட்டை பத்தாது.

'புத்தி சொல்லி விடுவார்கள்' என்பது ஓரளவு நடப்பதுதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைக்கும் அதிகாரமும் அதே 18-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. தாய்மாமன் அதைச் சொல்லியிருக்க மாட்டார். மகனுக்குப் போலீஸ் வேலை ஆசை என்பதால் இதையும் சொல்கிறேன்: குற்றம் செய்தான் என்று குழுமம் முடிவு செய்தாலும், அதனால் வேலைக்கோ வேறு எதற்குமோ தகுதியிழப்பு வராது என்று பிரிவு 24 பாதுகாக்கிறது. சிறு வயது வழக்கைக் காட்டி மத்தியப் படை வேலையை மறுக்க முடியாது என்று 2019-இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த இளைஞர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை இழுபட்ட பிறகு கிடைத்த பதில் அது. பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காக, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு அதன் நிழலில் ஒதுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவன் செய்திருந்தால்? அம்மா, பெற்றவர்களிடம் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. நீங்களும் அவன் அப்பாவும் வெளியே உட்கார்ந்துகொண்டு, வக்கீலிடம் அவன் தனியாகப் பேசட்டும். உண்மையிலேயே கூட இருந்தான், தெரிந்தே போனான் என்றால், யோசித்து, விளைவு தெரிந்து, அவனே குழுமத்தில் சொல்வது தவறில்லை. அங்கே அதற்குக் கனிவான காது உண்டு. அது அவன் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் பேசி முடித்ததாக இருக்கக் கூடாது. அந்த வக்கீலும் பெரியவனுக்கு ஆஜராகும் அதே வக்கீலாக இருக்கக் கூடாது. கடிதத்தைப் பார்த்தால் இருவருக்கும் ஒருவரே வக்காலத்து போட்டிருப்பதாகத் தெரிகிறது. ஒருவனைக் காப்பாற்ற மற்றவனைக் காட்ட வேண்டிய வழக்கில் அவர் எந்தப் பக்கம் நிற்பார்? உடனே மாற்றுங்கள். பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சிறாருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

18 முடிந்துவிட்டதே என்ற கேள்விக்குப் பதில் சுலபம். சம்பவம் நடந்த தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. விசாரணை நடக்கும்போது 18 தாண்டினாலும் குழுமத்திலேயே தொடரும். 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவர்போல் விசாரிக்க அனுப்பும் வாய்ப்பு, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டும்தான். இந்தத் திருட்டுப் பிரிவு அதில் வராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை வாய்தாவுக்குக் கொண்டு போங்கள், அது இருந்தால் வயதைக் கண்டறியும் எலும்புப் பரிசோதனை பேச்சே வராது. விசாரணையை நான்கு மாதத்தில், நீட்டித்தால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் தானாகவே கைவிடப்படும் சலுகை சிறு குற்றங்களுக்கு மட்டுமே. உங்கள் வழக்குக்கு இல்லை.

கடைசியாக உங்கள் கணவர் விஷயம். இங்கே நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. எஸ்டேட் விசாரணைக்கு வேறு அளவுகோல். அங்கே சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம். அதனால்தான் கோர்ட்டில் விடுதலையானவர்களும் வேலையை இழந்து நிற்பதைப் பார்க்கிறோம். குற்ற வழக்கும் துறை விசாரணையும் ஒரே விஷயத்தில், ஒரே ஆள் மேல் நடந்தால், வழக்கு முடியும்வரை விசாரணையை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். 1999-இல் கேப்டன் பால் ஆண்டனி வழக்கில் அதற்கான நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆனால் உங்கள் கணவர் குற்ற வழக்கில் எதிரியே இல்லை. ஆகவே அந்த வாதம் நிற்காது, விசாரணைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அளவுகோல் தளர்ந்தது என்பதால் ஆதாரமே வேண்டாம் என்று ஆகாது. மகன் மேல் கேஸ் இருக்கிறது, ஆகவே அப்பன் உடந்தை என்பது வெறும் சந்தேகம். அவர் அன்று என்ன செய்தார், சாவி அவரிடம் இருந்ததா, அவரை யார் பார்த்தார் என்று நிர்வாகம் காட்ட வேண்டும். சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கவும், உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி கேட்டு எழுதுங்கள். சஸ்பெண்ட் காலத்துக்குப் பிழைப்பூதியம் வர வேண்டும். வரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

நோட்டீஸுக்கு எழுதி வைத்திருக்கும் பதிலின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் மூன்றாவது பத்தி, 'என் மகன் அறியாமல் செய்த தவறை மன்னித்து' என்று தொடங்குகிறது. அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிடுங்கள். அப்பா எழுதியது மகனின் ஒப்புதலாகாதுதான், ஆனாலும் உங்கள் கணவரையே சாட்சியாக அழைத்து அந்தத் தாளைக் காட்டி, "இது நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அன்று எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, இரவு எங்கே இருந்தார், குடோன் சாவிக்கும் தனக்கும் சம்பந்தம் உண்டா என்ற மூன்று மட்டும் பதிலில் இருக்கட்டும். மகனைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் புது வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கொடுத்த பிறகு ஒரு நகலில் எஸ்டேட் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கி வையுங்கள்.